எந்த ஊசிக்கும் விழுந்த அட்டை

சனிக்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, சென்னையிலிருந்து வந்திருந்த மேலதிகாரியின் கண்முன்னால் நான் பின்னல் ஊசியை உயர்த்தினேன். அலைத்தடுப்புச் சுவர் பற்றிய அறிக்கைகளின் அட்டைகள் மேசையில் விழுந்திருக்க வேண்டும். ஒரு மாப்பிள்ளை விழுந்தான்.

அந்த நிமிடத்தில் கோணத் தொடங்கியது திங்கட்கிழமை வரை நிமிரவில்லை. இன்றும் யாராவது ஸ்வெட்டர் பின்னும் ஊசியைக் கையில் எடுத்தால், என் கை தானாகப் போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் ஊர் வெயிலில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் அதிகம் இல்லை என்பதால் பிழைத்தேன். கான்வென்ட் சிஸ்டர்கள் மட்டும் எதற்கோ பெண்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். நான் நூலகத்தில் வைத்திருந்த ஊசி, என் மகள் அங்கே படித்தபோது வாங்கியதுதான். அவள் பின்னத் தொடங்கிய ஸ்வெட்டர் ஒரு கையோடு நின்றுபோனது. ஊசி நூலகத்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தது.

ஊசிக்கு நூலகத்தில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். நான் தூத்துக்குடியில், புதிய துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நூலகராக இருந்தேன். நூல்களுக்கு வழக்கமான கேட்டலாக் இருந்தது. ஒரு நூலுக்கு மூன்று கார்டு: ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று. மர இழுப்பறைகளில் பித்தளைக் கம்பியில் கோத்து அடுக்கியிருப்போம். பள்ளிக்கூடமோ கல்லூரியோ என்றால் அது போதும். எங்களிடம் வருகிறவர்கள் இன்ஜினியர்கள். அவர்கள் ஆசிரியர் பெயரையும் கேட்பதில்லை, தலைப்பையும் கேட்பதில்லை. "பாறை போட்டுக் கட்டினது, ஆனா அடியில மணல் அரிச்சது, அதுவும் வடகிழக்கு மழையில. அந்த மாதிரி ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" என்பார்கள். மூன்று விஷயமும் ஒரே அறிக்கையில் இருக்க வேண்டும். இழுப்பறையைத் திறந்து எங்கே போய்த் தேடுவது?

அதற்காகத்தான் ஓரத்தில் துளை போட்ட அட்டைகள். அறிக்கைக்கு ஓர் அட்டை. அட்டையின் நான்கு விளிம்பிலும் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு விஷயம். கடலடி மண் வாருதல் முதல் துளை என்றால், மண் வாருவதைப் பற்றிப் பேசுகிற அறிக்கையின் அட்டையில் மட்டும் அந்தத் துளையை விளிம்பு வரைக்கும் வெட்டித் திறந்துவிடுவேன். பிறகு அட்டைகளை எல்லாம் ஒன்றாகத் தட்டி அடுக்கி, அந்தத் துளை வழியாக ஊசியைச் செலுத்தித் தூக்கினால், வெட்டாத அட்டைகள் ஊசியில் தொங்கும். வெட்டிய அட்டைகள் பொலபொலவென்று விழும். விழுந்ததை அடுக்கி அடுத்த துளையில் ஊசி. மூன்று ஊசியில் இன்ஜினியர் கேட்டது கைக்கு வந்துவிடும். முத்துக்குளிப்புக்குக்கூட ஒரு துளை வைத்திருந்தேன். கடலில் முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகியும் அந்தத் துளையை ரத்து செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அலைத்தடுப்புச் சுவருக்கு உரிய துளை, அட்டையின் கீழ் விளிம்பில் வலது மூலையில் கடைசியாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன். என் மகள் பி.ஏ. முடித்து, டைப்பில் ஹையர் பாஸ் செய்து, வீட்டில் இருந்தாள். நான் அவளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தேன். என் சுபாவத்தையும் சொல்ல வேண்டும். மீன் சந்தையில் சீலா வாங்குவதா, பாறை வாங்குவதா என்று யோசித்து நின்று, இரண்டும் விற்றுத் தீர்ந்தபின் கருவாட்டோடு வீடு திரும்புகிறவன் நான். மீனுக்கே இந்தப் பாடு. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் என்று கடற்கரை முழுக்க இருந்து வரன்கள் வந்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒருவனுக்கு வேலை இருந்தால் வீடு இல்லை. வீடு இருந்தால் அம்மா வாய் நீளம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எப்படி மனதில் நிறுத்துவது? ஆகவே அலுவலகத்தில் அச்சுப் பிசகி ஒதுக்கிய அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் ஒரு மாப்பிள்ளைப் பெட்டி தொடங்கினேன். அலுவலகத்து அட்டைகள் பிஸ்கட் டின்னில் இருந்தன. வீட்டுக்கும் அதே மாதிரி பிஸ்கட் டின்.

முதல் துளை, கரை வேலை. அதில் எனக்கு யோசனையே இல்லை. என் தம்பி சரக்குத் தோணியில் போனவன். ஓர் ஐப்பசி மாதம் கொழும்புக்குப் பாய் விரித்த தோணி அங்கேயும் போய்ச் சேரவில்லை, இங்கேயும் திரும்பவில்லை. இரண்டாவது துளை, கடல் வேலை. அது வேண்டியவர்களைத் தேட அல்ல, கழிக்க. பிறகு அரசாங்க வேலை, சொந்த வீடு, குடி இல்லை, கடன் இல்லை, அம்மா சாது என்று துளைகள் விளிம்பு சுற்றி ஓடின.

மனைவி ஒருநாள் முறத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"மாப்பிள்ளை தேடுதியளா, உளுந்து சலிக்கியளா?"

"சலிச்சாத்தான நல்லது தங்கும்."

"உங்க ஊசியில நல்லது கீழ விழும்னுலா சொன்னிய? எந்தப் பக்கம் நல்லதுன்னு உங்களுக்கே வெளங்கல. சரி, கொழம்புல உப்புக் கொறஞ்சா வாயத் தெறக்காதவன்னு ஒரு ஓட்டை போட்டியளா?"

"அதெல்லாம் எப்படி விசாரிக்க?"

"விசாரிக்க வேண்டாம். அந்த ஓட்டைய ஒருத்தனுக்கும் வெட்ட வேண்டி வராது." முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டாள்: "அவளுக்குப் பிடிச்சிருக்கான்னு ஒரு ஓட்டை?"

"போட்டிருக்கேன். கீழ, மூலையில, கடைசி ஓட்டை."

"ஒருத்தனுக்காவது வெட்டுனியளா?"

"அவளக் கேட்டுத்தான வெட்டணும். முதல்ல மத்ததெல்லாம் தேறட்டும்."

மற்றதெல்லாம் தேறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் நான் டின்னைத் திறந்து ஊசி போடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு வருஷம் போட்டேன். மூன்றாம் ஊசிக்குள் மேசை காலியாகிவிடும். அட்டைகளை டைப் அடித்தது மகள்தான். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடிப்பாள். பிறகு எடுத்துப் பார்த்தால், குறிப்பு என்ற இடத்தில் 'பல் தேய்ப்பது சந்தேகம்' என்று இருக்கும். "புகைப்படத்துல தெரியுதுப்பா" என்பாள்.

மேலதிகாரி வருவதற்கு முந்தின நாள், பழுதுபட்ட சில அட்டைகளைப் புதிதாக அடிப்பதற்காக அலுவலகத்து டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எங்கள் அட்டை முறை தொடரலாமா, அல்லது இதற்கெல்லாம் சென்னையில் வரப்போவதாகச் சொல்லப்பட்ட பெரிய மெஷினுக்குக் காத்திருக்கலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் அவர் வந்தார். அந்தக் கவலையில், சனிக்கிழமை காலையில் நான் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனது எந்த டின் என்று பார்க்கவில்லை. அட்டைகளைத் தட்டி அடுக்கும்போதும் துளைகளைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை.

"அலைத்தடுப்புன்னு கேளுங்க சார்" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். அவர் கேட்டார். கடைசித் துளையில் ஊசியைச் செலுத்தித் தூக்கினேன். ஒரே ஓர் அட்டை விழுந்தது. நான் குனிவதற்குள் அவர் எடுத்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சத்தமாக வாசித்தார்:

"வயது இருபத்தெட்டு. தொழில், தோணி. கொழும்பு போய்வருபவர். வாசிக்கும் பழக்கம் உண்டு. எடுத்த நூலைத் திருப்பிக் கொடுக்கத் தவறியதில்லை."

எனக்கு மேசை, நாற்காலி, ஜன்னல் எல்லாம் ஒருமுறை சுற்றின. அப்படி ஓர் அட்டை என் டின்னில் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆள் மட்டும் யார் என்று உடனே தெரிந்தது. தோணித் தண்டல் ஒருவரின் மகன். தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிறவர். மகனும் அதே தோணியில் போய்வந்தான். கரையில் இருக்கும் நாட்களில் காற்று, நீரோட்டம் பற்றிய நூல்களை வாசிக்க எங்கள் நூலகத்துக்கு வருவான். என் மகள் சனிக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து கார்டு அடிப்பாள், மேலதிகாரி வந்த அன்று மட்டும் வீட்டில் இருந்தாள். இந்த இரண்டு விஷயத்தையும் நான் தனித்தனியாக அறிந்திருந்தேன். ஒன்றுசேர்த்துத் தேடிப் பார்த்ததில்லை.

மேலதிகாரி சிரிக்கத் தொடங்கினார். அவரும் எங்கள் கரைக்காரர்தான், மணப்பாட்டுப் பக்கம். சென்னைக்குப் போய்க் குடியேறியவர். சிரிப்பு வந்ததும் பேச்சு ஊருக்குத் திரும்பிவிட்டது.

"என்னவே, அலைத்தடுப்ப கேட்டா தோணிக்காரன் வாரான்! இது மாப்பிள்ளைப் பொட்டியாவே?"

உண்மையைச் சொன்னேன். வேறு என்ன செய்வது? அவருக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "போடும், போடும். குடிக்காதவன் யாரு?"

ஊசி போட்டேன். நாலைந்து பேர் விழுந்தார்கள். அவர்களில் தோணிக்காரனும் இருந்தான்.

"சொந்த வீடு?" விழுந்தான்.

"அரசாங்க வேலை?" விழுந்தான்.

"அம்மா சாது?" அவன் மட்டும் விழுந்தான்.

"கரை வேலை?" விழுந்தான். "கடல் வேலை?" அதற்கும் விழுந்தான்.

"அட, ரெண்டும் தெரிஞ்ச பயலா இருக்கானே!" மேலதிகாரி அட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒரே அட்டை கரைக்கும் கடலுக்கும் விழக் கூடாது என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. எனக்குத் தோன்றியது. கழுத்துப் பட்டைக்குள் வேர்வை இறங்கியது.

"என் தங்கச்சி மகளுக்கு ரெண்டு வருசமாப் பாக்கோம். இப்படி ஒருத்தன் மாட்டல. நாளைக்குச் சாயந்திரம் ரயிலு. அதுக்கு முன்னால இவனைப் பாத்துப் பேசிரணும். நீரே கூட்டிட்டுப் போவும்."

"சார், அது வந்து..."

"நான் முதல்ல கேட்டுட்டேன். உம்ம நூலக விதிப்படி முதல்ல கேட்டவனுக்குத்தான புஸ்தகம்?"

சனிக்கிழமை அரைநாள். அலுவலக பஸ்ஸில் மில்லர்புரத்தில் இறங்கி, டின்னோடு வீட்டுக்குள் நுழைந்து, மனைவியின் முன்னால் அந்த அட்டையை நீட்டினேன்.

"இத யாரு போட்டா?"

"நீங்கதான் போட்டிருப்பிய. டின்னு உங்க சொத்துலா." வாங்கி வாசித்தாள். அவள் முகம் மலர்ந்தது. "தோணிக்காரப் பயலா? பரவால்லியே, உங்களுக்கும் புத்தி வந்துட்டே."

அப்போதுதான் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு துளை விடாமல் சுற்றிலும் வெட்டியிருந்தது. நான் வெட்டுவது இடுக்கி போன்ற ஒரு கருவியில், வெட்டின் அடி உருண்டையாக இருக்கும். இவை கூராக இருந்தன. பூத்தையல் கத்திரியால் நிதானமாக, அழகாக வெட்டிய வெட்டு. எல்லாத் துளையும் திறந்திருக்கும் அட்டை எந்த ஊசியிலும் தங்காது. எதைக் கேட்டாலும் விழும்.

மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, சோறு ஆறுது."

"ஏளா, ஒரே அட்டையில எல்லா ஓட்டையும் வெட்டலாமா?"

"பிள்ள ஒருத்தன மனசுல வச்சிருக்கா. இவிய ஓட்டைய எண்ணுதாவ" என்றாள் மனைவி.

எனக்கு அப்போது அதுதான் முதலில் பட்டது என்றால் நம்புங்கள். "கரை வேலைன்னு வெட்டியிருக்கியே, அது பொய்யிலா?"

"தோணி கரைக்கு வந்தா சரக்க எறக்குறது யாராம்?"

"அரசாங்க வேலை?"

"கஸ்டம்ஸ் ஆபீஸுக்குத் தெனமும் போயி நிக்காவளே."

"அம்மா சாதுன்னு எப்படித் தெரியும்?"

"அவிய அம்மா செத்து ஆறு வருசம் ஆச்சுப்பா."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் சிரிக்கவில்லை. கரண்டியை இறுகப் பிடித்திருந்தாள்.

"நீங்கதானப்பா சொல்லுவிய, ஒரு அறிக்கை அலமாரியில இருந்தும் தேடுறவன் கைக்கு வரலன்னா, அது இல்லாததுக்குச் சமம்னு. நீங்க எந்த ஊசி போட்டாலும் அவிய விழுந்திருக்க மாட்டாவ. அதான் வெட்டினேன். நாளைக்குப் பூசை முடிஞ்சு ஊசி போடுவியள்லா, தானா விழட்டும்னு பாத்தேன்."

"அது நாளைக்கு விழல. இன்னிக்கு ஆபீஸ்ல விழுந்துட்டு." நடந்ததைச் சொன்னேன். தங்கை மகள் என்ற இடம் வந்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த தைரியமெல்லாம் ஒரே நொடியில் வடிந்தது.

மனைவிதான் பேசினாள். "ஒரு வருசமா ஒருத்தனும் விழல. விழுந்த ஒருத்தனையும் ஊர்க்காரனுக்குத் தாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கிய. நல்லாருக்கு."

"நான் ஒண்ணும் தாரேன்னு சொல்லல. அவர் கேட்டாரு. கேக்கட்டுமே. கடல்ல போறவனுக்கு நான் பிள்ளையக் குடுக்கிறதா இல்ல. இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

மகள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அலுவலகத்துக்குத் தர வேண்டிய மிச்ச அட்டைகளை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பிழையும் இல்லாமல் அடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலதிகாரியைப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன். தோணிகள் எல்லாம் அங்கேதான் வந்து அணையும். கொழும்பிலிருந்து காலையிலேயே வந்திருக்க வேண்டிய அவன் தோணி வரவில்லை. "வந்துரும் சார்" என்று, அங்கே யாரோ சொன்னதை நான் அவரிடம் சொன்னேன். வெங்காய மூடைகளுக்கும் கருவாட்டுக் கட்டுகளுக்கும் நடுவில் நின்றோம். அவர் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டே, அதன் வழியாகப் பேசினார்.

"தோணியில இருந்தாலும் வாசிக்கிற பழக்கம் இருக்கு பாரும், அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"வாசிச்சா பாதியில விட மாட்டான் சார்" என்றேன்.

"பொறுப்பான பயலா?"

"எடுத்த இடத்துலயே புஸ்தகத்தத் திருப்பி வைக்கிற ஒரே வாசகன் சார். நம்ம இன்ஜினியருங்ககூட வைக்க மாட்டாங்க." எதற்காக இதையெல்லாம் சொல்கிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் நூலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பத்து வருஷமாக யாரும் தொடாத ஒரு நூல் இருக்கும். ஒருவர் வந்து அதைக் கேட்கிற அன்றைக்குத்தான், நாமே ஒருமுறை வாசித்துவிட்டுக் கொடுக்கலாமே என்று கை அதை இறுக்கிப் பிடிக்கும்.

"கல்யாணம் முடிஞ்சதும் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார் அவர். "கப்பல் கம்பெனியில எனக்கு ஆளு இருக்கு. ஆபீஸ்ல ஒரு நாற்காலி. இந்தக் கடலு, காத்து எல்லாம் விட்டுட்டு ஒழுங்கா உக்காரட்டும்."

கரை வேலை. என் முதல் துளை. ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். அவர் அதைச் சொன்னதும் எனக்கு ஏன் அப்படி ஆத்திரம் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. அவன் தோணிக்கு இரவல் எடுத்துப் போயிருந்த, காற்றைப் பற்றிய ஒரு தடித்த நூலில் பாதிக்கு மேல் வந்திருந்தான். மீதியைச் சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்தா வாசிப்பான்? முந்தின நாள் கேட்ட டைப்ரைட்டர் சத்தம் வேறு காதுக்குள் ஓடியது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "சரி, நான் கெளம்புதேன். பையன் வந்ததும் என் விசயத்தச் சொல்லி ஒரு காயிதம் போடும். நான்தான் முதல்ல கேட்டது, மறந்துராதேயும்."

"சார், அது ரெஃபரன்ஸ் காப்பி" என்றேன்.

"எது?"

"அந்தப் பையன். வெளிய இரவல் குடுக்கிறதில்ல. இங்கனயே வச்சுத்தான் வாசிக்கணும்."

சொன்னபின்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். டின்னில் இருந்த அட்டைகளை டைப் அடித்தது யார் என்று முந்தின நாளே விசாரித்திருந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"உம்ம மக வேலையா?"

தலையை ஆட்டினேன்.

"எல்லாத்துக்கும் விழுந்தப்பவே நெனச்சேம்வே, இதுல ஏதோ இருக்குன்னு." அவர் சிரித்த சிரிப்பில் மூடை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப அந்த அலைத்தடுப்பு ரிப்போர்ட்டையாவது தேடி அனுப்பி வையும். முறைய நிறுத்தச் சொல்ல மாட்டேன். இந்த மாதிரி சென்னை மெஷினு செய்யாது."

அவர் போனதும்தான் கடலைப் பார்த்தேன். ஒரு பாயும் தெரியவில்லை. நான் மகளைக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன், வாங்குகிறவனைக் காணோம்.

கண்ணில் பட்டவர்களை எல்லாம் கேட்டேன். சுமை தூக்குகிறவர்களை, வலை தைக்கிறவர்களை, டீக்கடைக்காரரை, எல்லோரையும்.

"காத்து விழுந்துட்டு அண்ணாச்சி" என்றார் ஒருவர். "நடுக்கடல்ல பாய் தொங்கிட்டு நிப்பாவ. காத்து எந்திரிச்சா வருவாவ."

"எப்ப எந்திரிக்கும்?"

"அதச் சொல்லத்தான உங்க லைப்ரரியில பெரிய பெரிய புஸ்தகமா வச்சிருக்கிய."

இன்னொருவர் கேட்டார்: "எதுக்கு அண்ணாச்சி இந்தத் தேடு தேடுதிய? பய புஸ்தகத்தக் கொண்டுட்டுப் போயிட்டானா?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

என் தம்பி போனபோதும் இதே இடத்தில்தான் நின்றேன். அன்றும் காற்று வரும் என்றுதான் சொன்னார்கள். அதற்கு மேல் அதை யோசிக்க விடாமல் என்னை நானே பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். மனைவிதான், "என்ன ஆச்சு, குடுத்துட்டு வந்துட்டியளா?" என்றாள்.

"ஆபீசர் போயிட்டாரு. இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். நம்ம பிள்ளைக்கு வேணும்னு."

மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தோணி இன்னும் வரல. காத்து இல்லையாம். காத்து இல்லாட்டா பயம் ஒண்ணும் இல்ல, காத்து கூடுனாத்தான்." கடலைப் பற்றி அறிந்தவன் போல, நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். அன்றைக்கு என் வீட்டில் கவலைப்படுகிற வேலையை மூன்று பேர் செய்தோம். வழக்கமாக நான் ஒருவன்தான் செய்வேன்.

திங்கட்கிழமை நூலகத்தைத் திறந்தேன். வேலை ஓடவில்லை. அந்த அட்டையைக் கையோடு கொண்டு வந்திருந்தேன். பிழையான அட்டையைப் பிழையோடு விடக் கூடாது என்பது என் தொழில் பழக்கம். தவறாக வெட்டிவிட்ட துளைக்கு, மெல்லிய காகிதத் துண்டை ஒட்டி மறுபடி துளை போட்டால் அது மூடிக்கொள்ளும். பசையை எடுத்துவைத்து ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினேன். கரை வேலை, மூடினேன். அரசாங்க வேலை, மூடினேன். சொந்த வீடு, மூடினேன். அவர்கள் இருப்பது வாடகை வீடு. கடல் வேலையில் பசை தொட்ட விரல் நின்றது. அது உண்மை, அப்படியே விட்டேன். குடி இல்லை என்பதில் சந்தேகம் இருந்தது. விசாரிக்கலாம் என்று பென்சிலில் கேள்விக்குறி போட்டேன். அம்மா சாது என்பதை மூட மனம் வரவில்லை. ஓரம் ஓரமாக விரலை நகர்த்தி வலது மூலைக்கு வந்தேன்.

கடைசித் துளை. அவளுக்குப் பிடித்தவன். டின் முழுக்க எத்தனை அட்டை! அதில் ஒன்றில்கூட நான் வெட்டாத துளை, ஒரு வருஷமாக ஊசியே நுழையாத துளை. சனிக்கிழமை பத்து பத்துக்கு நான் அலைத்தடுப்பு என்று நினைத்து ஊசியைச் செலுத்தியது இதன் வழியாகத்தான். அதனால்தான் அவன் ஒருவன் மட்டும் விழுந்தான். மற்ற வெட்டுகளில் முக்கால்வாசி பொய். இது பொய் இல்லை. பசைக் கிண்ணத்தை மூடினேன்.

நிழல் மேசை மேல் விழுந்தது. நிமிர்ந்தேன். வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். சட்டையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. வீட்டுக்குக்கூடப் போகாமல் தோணியிலிருந்து நேராக வந்திருக்கிறான். கக்கத்தில் எண்ணெய்த் துணியில் சுற்றிய, காற்றைப் பற்றிய அந்தத் தடித்த நூல். அதை மேசையில் வைத்துவிட்டு, என் கையிலிருந்த அட்டையைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்து, மூச்சு வாங்கச் சொன்னான்:

"என்னையத் தேடுனியளாமே சார். துறைமுகம் பூராச் சொல்லுதாவ. வந்துட்டேன்."